டிராகனுக்கு உப்புத்தாள் போட்டவள்

ஒரு கார் கதவில் பெயிண்டரம்மா கை வைத்திருக்கிறாள் என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. தொழில் அப்படி. இடிபட்டு நசுங்கி வரும் வண்டியைத் தட்டி நேராக்குவது அவள் கணவர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் டிங்கர். அதற்குமேல் பள்ளம் அடைக்கப் பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் அடித்து, தேய்த்து, கலர் அடித்து, இன்னொரு தடவை தேய்த்து மினுக்கி அனுப்புவது இவள். வண்டிக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். "எந்தப் பக்கம்மா இடிச்சது?" என்று கேட்பார். அவளுக்குக் கிடைக்கிற பாராட்டு அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக அதையே கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போயிருந்தது.

"என்னங்க, இத்தனை வருஷம் உழைச்சிருக்கோம். நான் பண்ணதுன்னு விரல் நீட்டிக் காட்ட ஏதாவது ஒண்ணு இருக்கா?" என்று ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே கேட்டாள்.

டிங்கர் யோசித்துப் பார்த்தார். "இருந்தா முதலாளி திட்டுவாரே" என்றார்.

மனுஷன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் அதிகமாக வந்தது. அந்தக் கோபத்தோடு போய்ச் சேர்ந்த இடம்தான் ஓவிய வகுப்பு.

வகுப்பு ஒரு அச்சகத்துக்கு மேலே மாடியில் நடந்தது. புதன்கிழமையும் சனிக்கிழமையும் சாயங்காலம் நாலரை மணிக்கு. கீழே மெஷின் ஓடினால் மேலே தூரிகை வைத்த டம்ளர் எல்லாம் கிடுகிடுவென்று ஆடும். இல்லாத மிருகங்களை மட்டுமே வரையச் சொல்லித் தருகிற வகுப்பு அது. இறக்கை முளைத்த சிங்கம், மீன் வால் வைத்த குதிரை, டிராகன், இந்த மாதிரி. சொல்லித் தருகிறவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. வாயைத் திறந்தால் "பொறுமை" என்பார். அதனால் பொறுமை சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெயிண்டரம்மாவைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை அக்கா என்பார், இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

"மிருகம்தான் பொய். தோல் நிஜமா இருக்கணும். தோலைப் பாத்து நம்பிட்டா, மிச்சத்தைத் தானா நம்பிடுவாங்க" என்று முதல் நாளே சொன்னார் சார்.

முறையும் பழைய காலத்து முறை. மரப்பலகையில் சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து வெள்ளையாகப் பூச வேண்டும். அதன்மேல் மிருகம் முழுவதையும் வெறும் சாம்பல் நிறத்திலேயே வரைந்து முடிக்க வேண்டும். வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகுதான் கலர். அதையும் ஒரேயடியாக அப்பக் கூடாது. எண்ணெயும் மரப்பிசினும் கலந்து, கண்ணாடி போல அடியில் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு கோட். காய வேண்டும். அதன்மேல் வேறு நிறத்தில் இன்னொரு கோட். அதுவும் காய வேண்டும். இப்படி ஏழு கோட் போனால், எந்தக் குப்பியிலும் வாங்க முடியாத ஒரு நிறம் உள்ளேயிருந்து எழுந்து வரும்.

கோட் மேல் கோட் என்றதும் பெயிண்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைத்தானே நான் தினமும் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இறக்கைச் சிங்கம் வரைந்துகொண்டிருந்த பல் டாக்டர் மூன்றாவது கோட்டுக்கே கொட்டாவி விட்டார். இவள் சளைக்கவில்லை. அவளுடைய டிராகனுக்கு மஞ்சள் காவி, சிவப்பு, பச்சை, நீலம், கடைசியில் கருநீலம் என்று மாற்றி மாற்றிப் பதினான்கு கோட் போட்டாள். சார் சொன்ன கணக்குக்கு இரண்டு மடங்கு. கை அப்படிப் பழகியிருந்தது, குறைத்து அடித்தால் மனசு கேட்காது. தூரிகை போன தடமே தெரியாமல் வழவழவென்று வந்தது டிராகன்.

சார் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். மோவாயைச் சொறிந்தார்.

"அக்கா, கலர் பிரமாதம். இந்த ஆழம் எனக்கே வராது."

"ஆனா?" என்றாள் அவள். இருபத்திரண்டு வருஷமாக வாடிக்கையாளர்களைப் பார்த்தவளுக்கு, ஒரு "ஆனா" வரப்போகிறது என்பது தெரியாதா?

"ஆனா... ஷோரூம்ல நிக்கிற மாதிரி இருக்கு. தோல் இல்ல. கார் பானெட்."

வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரித்த அத்தனை பேரையும் மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள்.

இந்தப் பேச்சு நடந்த அடுத்த வாரம்தான் சார் அந்தச் செய்தியைச் சொன்னார். குழந்தைகள் நூலகத்தில் புதிதாக ஒரு வாசிப்பு அறை கட்டியிருக்கிறார்கள். அதன் வாசலில் ஆளைவிட உயரமான ஒரு மரப்பலகை பதிக்கப் போகிறார்கள். அதில் ஒரு மிருகம் வேண்டும். வகுப்பில் ஆளுக்கொரு சின்னப் பலகை வைக்கலாம். நூலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். எது பிடிக்கிறதோ, அதை வரைந்தவரே பெரிய பலகையையும் வரைய வேண்டும்.

"வாசல்லயே நிக்கும். உள்ள போற ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பாத்துட்டுத்தான் போகணும்" என்றார் சார்.

பெயிண்டரம்மா அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பிள்ளையும் பார்க்கும். அவள் செய்ததை, அவள் செய்தது என்றே பார்க்கும். வாழ்க்கையில் எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை அவள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஆசைப்படவில்லை என்று டிங்கரிடமே சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்குத்தான் நான் ஆசைப்பட்டேனே, போதாதா" என்றார்.

பார்க்க வருகிற நாள் ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் டிராகனைச் சாய்த்து வைத்து, டீ குடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் பலகைமேல் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் டிராகனின் தோளில் ஒரு தூசி கண்ணில் பட்டது. கடைசிக் கோட்டில் மாட்டிக்கொண்டு காய்ந்துபோன தூசி. கடுகில் பாதிகூட இருக்காது.

இதற்குப் பிறகு நடந்ததை அவளிடம் கேட்டால், நான் செய்யவில்லை, கைதான் செய்தது என்பாள். பட்டறையில் கோட் காய்ந்ததும் தூசி இருந்தால் உப்புத்தாளை ஈரம் பண்ணித் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. வண்டிக்கு வண்டி, நாளைக்குப் பத்துத் தடவை நடக்கிற காரியம். யோசித்துச் செய்கிற வேலையே இல்லை. அவளுடைய கை கைப்பைக்குள் போயிற்று, மூலையில் கிடந்த உப்புத்தாள் துண்டை எடுத்தது, விரல் நுனியில் சுற்றியது, தண்ணீரில் தொட்டது, தேய்த்தது. டம்ளரில் டீ ஆறவில்லை. அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

துணியால் துடைத்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டிப் பெயிண்ட் தடிமன். இது காகிதத்தைவிட மெல்லிசு. தூசியோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கோட்டும் போய்விட்டது.

"ஐயோ! என்னங்க! இங்க வாங்களேன்!"

அடுப்படியிலிருந்து டிங்கர் கரண்டியோடு ஓடி வந்தார். பார்த்தார். "என்னம்மா இது, டிராகன் எங்கயாவது மோதிக்கிச்சா?" என்றார்.

"வாயை மூடுங்க. கொன்னுடுவேன்."

அவர் கரண்டியைத் தாழ்த்தி, மெதுவாக, "சரி, விடு. இதெல்லாம் உனக்கு ஒரு வேலையா? கலர் கலந்து போட்டா, நீ தொட்டேன்னு எவனும் கண்டுபிடிக்க முடியாதே" என்றார்.

அதுவும் உண்மைதான். ஊரிலேயே கலர் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஐந்து வருஷம் வெயிலில் வெளுத்த சிவப்பையும் அதேபோலக் கலந்துவிடுவாள். பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கருநீலத்தில் ஒரு பொட்டுப் பச்சை, ஒரு பொட்டுச் சிவப்பு. ஓரத்தில் தொட்டுப் பார்த்தாள். அச்சு அசலாகச் சேர்ந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் மூடிவிடலாம்.

தூரிகையைக் கொண்டுபோனவள் பாதி வழியில் நின்றாள்.

இங்கேயும் மறைக்கத்தானா வந்தேன்? இந்தக் கேள்வி எழுந்ததும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா. சார்மேல் கோபம், முதலாளிமேல் கோபம், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு எதுவுமே தெரியவில்லை என்று சந்தோஷமாக வண்டியை ஓட்டிக்கொண்டு போன அத்தனை பேர்மேலும் கோபம். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, தேய்ந்த இடத்தை முதல் முறையாக, மறைக்கிற எண்ணம் இல்லாமல் பார்த்தாள்.

விரல் நுனி அழுத்திய நடுவில் மஞ்சள் காவி தெரிந்தது. அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். அதைச் சுற்றிப் பச்சை, பிறகு நீலம், கடைசியில் கருநீலம். தேய்த்த இடத்தில் கோட்டெல்லாம் சரிவாக வெட்டுப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு ஓரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் நசுங்கின இடத்தைத் தேய்க்கும்போதெல்லாம் இதே வளையம் வரும். வந்தவுடன் அதை மூடுவதுதான் வேலை என்பதால் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். நகத்தளவு அகலம். நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் மின்னியது.

"என்னங்க, இது செதில்" என்றாள்.

"எது?"

"இதுதாங்க! இதுதான் செதில்! பாருங்களேன், தோல் வந்துடுச்சு!"

டிங்கர் கிட்டே குனிந்து, கரண்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு பார்த்தார். இந்த முறை கிண்டல் எதுவும் வரவில்லை. "இன்னொண்ணு போடு" என்றார்.

இன்னொன்று போடுவது லேசான காரியமா? முதல் செதில் கைதவறி வந்தது. இரண்டாவது தெரிந்தே வர வேண்டும். கெட்டுப்போனால் மூன்று மாத வேலை காலி, நூலக வாசல் காலி. சாம்பல் நிறம் தட்டுப்பட்டால் கை உடனே நின்றுவிட வேண்டும். அதையும் தாண்டிச் சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தால் பலகையே போச்சு. ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இருபத்திரண்டு வருஷம் இரும்பு தெரியாமல் தேய்த்த விரல் அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். துடைத்தாள். வளையம் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் வந்தது.

அன்றைக்குச் சமையல் பூராவும் டிங்கர்தான். சாதம் குழைந்தது, அவள் கவனிக்கவே இல்லை. கழுத்துக்குச் சின்னச் செதில், சுண்டு விரலால். முதுகுக்குப் பெரியது, கட்டை விரலால். வெளிச்சம் விழுகிற பக்கம் அழுத்தித் தேய்த்தாள், நிழல் பக்கம் தொட்டும் தொடாமலும் விட்டாள். அடியில் போட்ட சாம்பல் ஓவியம் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று அவளுக்கு வழி காட்டிக்கொண்டே வந்தது. திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போவதற்கு முன்னால் இரண்டிரண்டு மணி நேரம். புதன்கிழமை காலையில் வால் நுனியில் கடைசிச் செதில் முடிந்தது. மொத்தம் நானூற்றுச் சொச்சம். விரல் நுனித் தோலும் சேர்ந்து உரிந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் பலகையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். ஒரு விஷயம், தேய்த்த பெயிண்ட் காய்ந்தால் வெளுத்துப் பூத்துப்போகும். பொடி படிந்து, பரவலாகச் சாம்பல் பூசிய மாதிரி இருந்தது டிராகன். சார் துணியை விலக்கிப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா! என்னக்கா பண்ணீங்க? உப்புத்தாளா? போச்சே! எல்லாம் போச்சே! சனிக்கிழமை வராங்கக்கா!"

ஒருநாளும் குரல் உயர்த்தாத மனுஷன். பல் டாக்டர்கூடத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பொறுமை சார்" என்றாள் பெயிண்டரம்மா.

பக்கத்து மேஜையில் இருந்த துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். டிராகனின் தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஈரம் பட்டதும் நானூறு செதிலும் ஒன்றாக எழுந்துகொண்டன. மஞ்சளும் சிவப்பும் பச்சையும் வளையம் வளையமாகத் திறந்தன. கீழே அச்சகத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. பலகை லேசாக அதிர்ந்தது. டிராகன் மூச்சு விடுகிறது என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். சார் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மூக்கு படுகிற அளவுக்கு அருகே போய்ப் பார்த்தார். ஈரம் காய்ந்து மறுபடி வெளுக்கத் தொடங்கியதும், "இன்னொரு தடவை நனைங்கக்கா" என்றார் சின்னப் பிள்ளை மாதிரி.

மூன்று தடவை நனைத்துப் பார்த்தார்கள். பிறகு சார் எழுந்தார். "இதை நான் சொல்லித் தரல. எனக்கே தெரியாது. உடனே மெல்லிசா வார்னிஷ் போட்டு மூடுங்க. சனிக்கிழமைக்குள்ள காஞ்சிடணும்" என்றார். "பானெட்டுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்கக்கா" என்றும் சொன்னார். அவள் மன்னித்துவிட்டாள், ஆனால் உடனே சொல்லிவிட மனசில்லை.

சனிக்கிழமை நூலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நூலகத் தலைவி ஒரு அம்மா, குட்டையாக, கழுத்தில் கண்ணாடி தொங்க. கூட இரண்டு ஆண்கள், கட்டடப் பொறியாளர் ஒருவர், நிர்வாகி ஒருவர். பதினொரு பலகைகள் வரிசையாக நின்றன, வார்னிஷ் காய்ந்த டிராகனும் அவற்றில் ஒன்றாக. வரைந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் பின்னால் சுவரோரம். டிங்கர் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார்.

ஆண்கள் இரண்டு பேரும் இறக்கைச் சிங்கத்தின் முன்னால் போய் நின்றவர்கள் நகரவே இல்லை. வாயைப் பிளந்த சிங்கம், ஒவ்வொரு பல்லும் அத்தனை கச்சிதம். பல் டாக்டர் வரைந்ததாயிற்றே. "கம்பீரமா இருக்கு, இதையே வச்சுடலாம்" என்றார் நிர்வாகி. தலைவியம்மா மட்டும் டிராகன் பக்கம் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கை தானாக நீண்டது.

"தொடலாமா?"

"தாராளமா" என்றார் சார்.

ஒரு செதிலைத் தடவினார். பக்கத்துச் செதிலைத் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது. "பிள்ளைங்க இதைத் தொடாம உள்ள போக மாட்டாங்க" என்றார்.

"அதான் மேடம் பிரச்சனை" என்றார் நிர்வாகி. "நூறு கை தினம் தொட்டா ஒரு மாசத்துல அழுக்காகி உரிஞ்சு போயிடும். சிங்கம்னா உயரத்துல மாட்டிடலாம்."

தலைவியம்மாவின் முகம் வாடியது. நிர்வாகி சொன்னதில் நியாயம் இருந்தது. பொறியாளரும் தலையாட்டினார். மூன்று பேரும் சிங்கத்தின் பக்கம் திரும்பினார்கள்.

"உரியாதுங்க."

பின்னால் சுவரோரத்திலிருந்து வந்தது குரல். எல்லோரும் திரும்பினார்கள். பெயிண்டரம்மா முன்னால் வந்துவிட்டிருந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"மழை, வெயில், கல்லு, காக்கா எச்சம், எல்லாத்தையும் தாங்குற மாதிரி பூசத் தெரியும் எனக்கு. கார் கதவை ஒரு நாளைக்கு எத்தனை கை தொடுது? பெரிய பலகைக்கு அடியில இருவது கோட், மேல வண்டிக்குப் போடுற வார்னிஷ் ஆறு கோட். உயரத்துல மாட்ட வேணாம். பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி வைங்க. நல்லா தொடட்டும். அழுக்கானா ஈரத்துணியால துடைங்க, போதும். பத்து வருஷம் கழிச்சு ஒரு செதில் உரிஞ்சிருந்தா என்னைக் கூப்பிடுங்க."

தலைவியம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

வாழ்நாளில் ஒரு தடவையும் சொல்லாத வார்த்தை. நன்றாக, கீழே அச்சகம்வரை கேட்கிற மாதிரி வந்தது.

"நான்தாங்க இதைப் பண்ணது!"

தலைவியம்மா மற்ற இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "அப்ப பெரிய பலகையும் நீங்கதான்" என்றார். மாடி முழுக்கக் கைதட்டல். முதலில் தட்டியது பல் டாக்டர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், நல்ல மனுஷன். டிங்கர் கைதட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆனா இதுல உங்க பேரையே காணோமே" என்றார் தலைவியம்மா பலகையின் மூலைகளைத் தேடிப் பார்த்தபடி. மற்ற பத்துப் பலகையிலும் கையெழுத்து இருந்தது. இவளுக்கு அது தோன்றவே இல்லை. சார் ஓடிப்போய் ஒரு மெல்லிய தூரிகையில் வெள்ளையைத் தொட்டு நீட்டினார்.

"கீழ ஓரமா, சின்னதா போடுங்கக்கா."

பெயிண்டரம்மா மெல்லிய தூரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேஜையிலிருந்து பட்டைத் தூரிகை ஒன்றை எடுத்தாள். டிராகனின் வாலுக்குக் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரைக்கும், எழுத்து எழுத்தாக, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். கடைசி எழுத்து கொஞ்சம் மெலிந்திருப்பதாகப் பட்டது. திரும்பி வந்து அதன்மேல் இன்னொரு கோட் போட்டாள்.